ஒரே பெட்டியில் பொரித்த ஆறு குட்டிகள்

2021ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி இரவு, யாஸ் புயலை ஒட்டி கன்னியாகுமரி மாவட்டமெங்கும் கொட்டிய மழையில் மின்சாரம் நின்றபோது, என் வீட்டு மாடியறையில் ஒரு பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜுக்குள் ஆறு பாம்பு முட்டைகள் 53ஆம் நாளில் இருந்தன. நான் தக்கலைப் பக்கம் ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கும் தொழில் செய்பவன். கம்ப்ரெசர் செத்துப்போன ஃபிரிட்ஜை எடைக்குப் போடாமல், உள்ளே ஒரு சூடேற்றும் கம்பியையும், கணினியில் இருந்து கழற்றிய சிறு விசிறியையும், ஓர் எஸ்டிசி-1000 தெர்மோஸ்டாட்டையும் பொருத்தி, முட்டை வைக்கும் பெட்டியாக மாற்றியிருந்தேன். குளிரை வெளியே விடாத சுவர் வெப்பத்தையும் வெளியே விடாது என்பது என் தொழில் எனக்குக் கொடுத்த அறிவு. அந்த இரவு முட்டைகளைக் காப்பாற்றியதும் அந்தச் சுவர்தான்.

முட்டைகள் பால் பைத்தானுடையவை. கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு அது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோல் சுருண்டுவிடும் என்பதால் வந்த பெயர். தமிழில் எழுதும்போது அந்தப் 'பால்' வேறு பொருள் தந்துவிடுகிறது. நாகராஜா கோயிலின் பெயராலேயே தலைநகர் விளங்கும் மாவட்டத்தில், பால் பைத்தான் வளர்க்கிறேன் என்று சொன்ன முதல் வாரமே பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு டம்ளர் பாலோடு வந்து நின்றார். பாம்பு பால் குடிக்காது என்று அவரிடம் வாதிட எனக்கு மனம் வரவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு காப்பி போட்டுக் குடித்தேன்.

மேலே போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் காணும் சாரையையோ, மலையடிவாரத்தில் எப்போதாவது இறங்கி வரும் நம் ஊர் மலைப்பாம்பையோ பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் மலைப்பாம்பு அச்சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. நான் வளர்ப்பது வெளிநாட்டு இனம். அதிலும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலான சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில் உள்ள இனம். இத்தகைய இனங்களை வளர்ப்பவர்கள் தாமாக முன்வந்து அறிவிக்கும் வாய்ப்பை 2020இல் மத்திய அரசு கொடுத்தபோது, அதன் பரிவேஷ் இணையதளத்தில் என் பாம்புகளைப் பதிவு செய்தேன். 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் அதன் கீழ் 2024இல் வந்த விதிகளும் இந்தப் பதிவைக் கட்டாயமாக்கியுள்ளன. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் மூன்றையும் தெரிவிக்க வேண்டும். யாரோ சொல்லக் கேட்டு ஒரு முறை வனத்துறையினர் வீட்டுக்கு வந்தார்கள். சான்றிதழையும் பெட்டிகளின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு பாம்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். காகிதம் இல்லாதிருந்தால் அந்த மாலை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முட்டைகளின் கதைக்கு வருகிறேன். தாய், பாஸ்டல் என்னும் வகை. இயல்பான பழுப்பு நிறத்துக்குப் பதிலாக உடலெங்கும் மஞ்சள் தூக்கலாக இருக்கும். தந்தை, ஸ்பைடர் என்னும் வகை. பொன்னிறத் தரையில் சிலந்தி நூல் போல மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடும். இரண்டையும் 2018இல் வேறு மாநிலத்து விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். இவை இரண்டும் ஒரு பிரதி மரபணு வந்தாலே வெளியே தெரியும் பண்புகள். ஆகவே இணை சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி சாதாரணம், ஒன்று பாஸ்டல், ஒன்று ஸ்பைடர், மீதி ஒன்று இரண்டும் சேர்ந்த பம்பிள்பீ. நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது அந்த நான்காவதைத்தான். எலுமிச்சை மஞ்சளில் கறுப்பு நூலோடும் அந்தக் குட்டியின் படத்தைக் கைப்பேசியில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

இணை சேர்க்கும் காலம் நம் ஊரில் தானாகவே அமைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு வெப்பம் 24 பாகைக்கு இறங்கும்போது ஆணுக்கு வேட்கை வருவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். குளிர் நாடுகளில் இதற்காகவே அறையின் வெப்பத்தைக் குறைக்கிறார்கள். பெண் 1,500 கிராமுக்குக் குறையாமலும், மூன்று வயதை ஒட்டியும் இருக்க வேண்டும். எடை குறைந்த பெண்ணை இணை சேர்ப்பது, மறு ஆண்டுக்கும் சேர்த்து அவளை உருக்குலைப்பதாகும். கருமுட்டை இறங்கும் நாளில் பெண்ணின் நடு உடல், பெரிய எலியை விழுங்கியதுபோல் ஒரு நாள் வீங்கித் தணியும். பிறகு ஒரு சட்டை கழற்றுவாள். அதிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் முட்டையிடுவாள். அந்தச் சட்டையின் தேதியைக் குறித்து வைக்காதவர், முட்டையைத் தற்செயலாகத்தான் கண்டுபிடிப்பார்.

ஏப்ரல் 2ஆம் தேதி காலையில் பார்த்தபோது, பெண் தன் முட்டைகளைச் சுற்றி வளைத்துக் கிடந்தாள். மொத்தம் ஏழு, அதில் ஒன்று மஞ்சளாகச் சூம்பிய கருக்கொள்ளாத முட்டை. மற்ற ஆறும் வெண்மையாக, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒட்டியதைப் பிரிக்கக் கூடாது. மேற்பக்கத்தில் பென்சிலால் குறியிட்டு, அந்தப் பக்கம் கீழே போகாதபடி எடுத்து வைக்க வேண்டும். கோழி முட்டை போல் திருப்பிவிட்டால் கரு இறந்துபோகக்கூடும். வெர்மிகுலைட் என்னும் ஈரம் தாங்கும் கனிமத் துகளை ஈரமாக்கி, அதில் வைத்து, 31.5 பாகையில் பெட்டியை மூடினேன். இருட்டில் கைப்பேசி விளக்கை முட்டையோடு ஒட்டிப் பிடித்தால், உள்ளே சிவந்த இரத்த நாளங்கள் வலைபோல் ஓடுவது தெரியும்.

மின்சாரம் போன இரவில் பெட்டிக்குள் வெப்பம் 31.5இலிருந்து 29க்கு இறங்க ஆறு மணி நேரம் ஆயிற்று. எரிவாயு அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு லிட்டர் பாட்டில்களில் நிரப்பி, துணி சுற்றி, முட்டைப் பெட்டியில் படாமல் கீழ்த் தட்டில் வைத்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினேன். அந்த நேரத்தில் பதற்றத்தில் செய்யக்கூடிய பெரிய தவறு, அதிகச் சூடு கொடுப்பதுதான். கடைசி வாரத்தில் 28 பாகைக்கு இறங்குவதை முட்டை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். 35ஐத் தாண்டுவதைத் தாங்காது. 27ஆம் தேதி இரவு, டார்ச் வெளிச்சத்தில், ஒரு முட்டையின் மேல் பிளேடால் கீறியதுபோல் ஒரு கோடு தெரிந்தது. சற்று நேரத்தில் அந்தக் கீறலின் வழியே பசை வழிய ஒரு மூக்கு நுனி வந்து, நின்று, ஒரு குமிழியை ஊதியது. முதல் மூச்சு. குட்டி உடனே வெளியே வருவதில்லை. தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, ஒரு நாள் வரை மீதி மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். நாம் இழுத்துவிடக் கூடாது.

29ஆம் தேதிக்குள் ஆறும் வெளியே வந்துவிட்டன: இரண்டு பம்பிள்பீ, இரண்டு ஸ்பைடர், ஒரு பாஸ்டல், ஒரு சாதாரணம். கணக்குக்கு மேலேயே கிடைத்த மகிழ்ச்சி அரை நாள்தான் நீடித்தது. பம்பிள்பீ ஒன்றைக் கையில் எடுத்தபோது, அது தலையை மெல்ல வலப்பக்கம் சாய்த்து, மேலும் சாய்த்து, தாடை வானத்தைப் பார்க்கும்வரை திருகிவிட்டது. கீழே விட்டால் நேராகப் போக முடியாமல் தன்னையே சுற்றிக்கொண்டது. இன்னொன்றின் தலை, தராசு முள்போல் ஆடியது.

என்னால்தான் என்று நினைத்தேன். புயல் இரவில் வெப்பம் ஏறி இறங்கியதால் மூளை கெட்டுவிட்டது, பாட்டிலை அதிகச் சூட்டில் வைத்துவிட்டேன், ஒரு யூபிஎஸ் வாங்கக் கஞ்சத்தனப்பட்டேன் என்றெல்லாம் இரண்டு வாரம் எனக்குள் புழுங்கினேன். என் மனைவிதான் ஒரு நாள் கேட்டாள்: "எல்லாம் ஒரே பெட்டியிலதானே இருந்துச்சு? அந்தப் பழுப்புக் குட்டிக்கும் மஞ்சள் குட்டிக்கும் ஒண்ணும் ஆகலையே?" நோட்டை எடுத்துப் பார்த்தேன். தலை ஆடிய நான்கும், கறுப்பு நூல் கோடு கொண்ட நான்கும் ஒன்றே. சாதாரணமும் பாஸ்டலும் கம்பி இழுத்ததுபோல் நேராகப் போயின. அன்று மாலை தந்தைப் பாம்புக்கு எலி காட்டிவிட்டு, மூன்று ஆண்டுகளில் முதல் முறையாக, கண்ணை எடுக்காமல் பார்த்தேன். எலியை நோக்கி எழும்பும்போது அதன் தலையும் ஆடியது. குறி இரண்டு முறை தப்பியது. பசி வேகம் என்று இத்தனை நாளும் நான் எண்ணியிருந்தது இதைத்தான்.

விற்றவரை அழைத்தேன். "ஸ்பைடர்னா அப்படித்தான் சார், தீனி நல்லா எடுக்கும், கவலைப்படாதீங்க" என்றார். அவருக்கு முன்பே தெரியும். நானும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; நான் கேட்டதெல்லாம் கோடு எவ்வளவு மெல்லியதாக வரும் என்பதைத்தான்.

ஸ்பைடர் பண்பு மரபுவழி வருவது என்று அமெரிக்காவில் 1999இல் உறுதியானது முதலே வளர்ப்பவர்கள் இந்தத் தலையாட்டத்தைப் பார்த்து வந்திருக்கிறார்கள். ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத அளவு இருக்கும், இன்னொன்றில் இரை எடுக்கவே முடியாத அளவு இருக்கும். ஆனால் நிறத்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை மட்டும் தேர்வால் விலக்க முடிந்ததில்லை. 2022இல் வெளியான சிடி ஸ்கேன் ஆய்வு, இவற்றின் உள்செவியில் சமநிலைக்கான பகுதியே உருமாறியிருப்பதைக் காட்டியது. நீலக் கண்ணுள்ள வெள்ளைப் பூனைகளில் பல செவிடாக இருப்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. நிறச் செல்கள் கருவில் போய்ச் சேரும் இடங்களில் காதும் ஒன்று. குட்டி எவ்வளவு ஆடும் என்பது தந்தை எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பொறுத்ததும் அல்ல. அதனால்தான் என்னுடைய அமைதியான ஆணுக்குத் திருகிக்கொள்ளும் பிள்ளை பிறந்தது.

இது ஸ்பைடரோடு முடியும் விஷயமும் அல்ல. சூப்பர் சின்னமன் வகையில் முதுகெலும்பு வளைவும் வாத்து அலகு போன்ற மூக்கும் வருவதுண்டு. கேரமல் அல்பினோவில் எலும்பு முறுக்கு வரும். தூய வெள்ளையாகப் பிறக்கும் சூப்பர் லெஸ்ஸரில் சிலவற்றுக்குக் கண் பிதுங்கியிருக்கும். டெசர்ட் வகைப் பெண்களிடம் முட்டையை நம்பவே முடியாது. பாஸ்டல், அல்பினோ, பைபால்ட் போன்றவற்றில் இத்தகைய குறைகள் பரவலாகச் சொல்லப்படுவதில்லை. ஒரு வகையை வாங்கும் முன் அதன் படத்தைத் தேடுவதைவிட அதன் குறையைத் தேடுவதில் ஒரு மாலையைச் செலவிடலாம்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ரப்பருக்குப் போய்விட்டார். எங்கள் தோட்டம் முழுக்க ஆர்ஆர்ஐஐ 105 என்னும் ரப்பர் ரகம். வளர்ப்பவர்கள் வாயில் வெறும் 'நூற்றஞ்சு'. பால் அதிகம் என்று ஒட்டுக்கன்றாக நட்டவர்களுக்கு, மழைக்காலத்தில் கவைகளில் பிங்க் என்னும் பூஞ்சை நோயும் அதிகம் வந்தது. "பாலுக்குன்னு பொறுக்குன மரத்துக்குப் போர்டோக் கலவை நீதான் பூசணும் மக்கா" என்றார். நூற்றஞ்சைக் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. இன்றுவரை அதைத்தான் நடுகிறார். ஆனால் கவையில் பூசக் கலவை இருக்கிறது. உள்செவியில் பூச எதுவும் இல்லை. அந்த வேறுபாட்டில்தான் நான் ஸ்பைடரை நிறுத்தினேன்.

நான்கு குட்டிகளில் ஒன்று இரை எடுக்கவே இயலாமல் இரண்டாம் மாதம் இறந்தது. மற்ற மூன்றையும் விற்கவில்லை, இனியும் இணை சேர்க்கப் போவதில்லை. பால் பைத்தான் நன்றாகப் பராமரித்தால் 20, 30 ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 60 வயதைக் கடந்த ஒன்று, பல ஆண்டுகளாக ஆணே அருகில் இல்லாத நிலையில், 2020இல் முட்டையிட்டது. நிறம் பொறுக்குகிறவர் தன் ஓய்வுக்காலத்துக்கும் சேர்த்துத்தான் பொறுக்குகிறார். முட்டை போட்ட பின்பு குட்டி யாருக்கு என்று யோசிப்பது காலம் தாழ்ந்த யோசனை. ஆறு குட்டி என்றால் ஆறு பெட்டி, ஆறு தண்ணீர்க் கிண்ணம், வாரம் ஆறு சுண்டெலி. பதிவுத் தாள் இல்லாமல் கேட்பவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவதால், வாங்க ஆள் இன்னும் குறைவு.

அடுத்ததாக அல்பினோவை எடுத்துக்கொண்டேன். இது ஒடுங்கு பண்பு; தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் வெளியே தெரியும். ஒரே பிரதியைச் சுமக்கும் பாம்பு, பார்வைக்குச் சாதாரணம். அதை 'ஹெட்' என்பார்கள். ஹெட் என்பதைப் பார்த்து அறிய வழியில்லை, நான் விற்பவர் சொல்லை நம்பினேன். 2019இல் வாங்கிய அல்பினோ ஆணையும், 'ஹெட்' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பெண்ணையும் சேர்த்ததில், 2022இல் ஐந்து குட்டிகள் பொரித்தன, ஐந்தும் பழுப்பு. அவள் உண்மையிலேயே ஹெட்டாக இருந்திருந்தால் குட்டிக்குக் குட்டி பாதி வாய்ப்பு. ஐந்தும் தவறுவதற்கு 32இல் ஒரு வாய்ப்பு. துரதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது, நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் தந்தை அல்பினோ என்பதால், அந்த ஐந்து குட்டிகளும் ஐயத்துக்கு இடமில்லாத ஹெட். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய ஹெட்டைவிட, மூன்று ஆண்டு காத்து நானே உருவாக்கிய ஹெட் மலிவு என்று அப்போது உறைத்தது.

அந்தப் பெண்குட்டிகளில் இரண்டை வைத்துக்கொண்டேன். எவை என்பதை நிறம் பார்த்து முடிவு செய்யவில்லை. முதல் சட்டை கழற்றிய பத்து நாளுக்குள் தானாக இரை எடுத்தவை, விரலால் முதுகைத் தடவினால் முடிச்சு தட்டாதவை, கையில் எடுத்தால் தலையை நேராகப் பிடிப்பவை. மூன்றாவது பெண்ணின் வடிவம்தான் அழகு. ஆனால் ஐந்து மாதம் இரை எடுக்க மறுத்து என்னை அலைக்கழித்தவள் அவள். தந்தையையே மகளோடு சேர்த்தால் செலவு மிச்சம், பலரும் செய்கிறார்கள். ஒளிந்திருக்கும் ஒடுங்கு பண்பை வெளியே கொண்டுவரும் அதே நெருக்கம், ஒளிந்திருக்கும் குறையையும் கொண்டுவரும் என்பதால், உறவில்லாத இன்னோர் அல்பினோ ஆணை உரிய கைமாற்றப் பதிவோடு வாங்கினேன். 2025 மார்ச்சில் 1,620 கிராம் எடையில் இருந்த பெண் ஆறு முட்டையிட்டாள்.

இடையில் பனானா என்னும் வகையிலும் கை வைத்தேன். பெயரைச் சொன்னதும் அப்பா, "மட்டியா, நேந்திரனா?" என்று கேட்டார். அதில் கற்றது ஒன்றே. பனானா ஆண் தன் மரபணுவைத் தாயிடமிருந்து பெற்றிருந்தால், அதன் பனானாக் குட்டிகள் ஏறக்குறைய எல்லாம் பெண். தந்தையிடமிருந்து பெற்றிருந்தால் ஏறக்குறைய எல்லாம் ஆண். மலைப்பாம்புகளுக்கும் நம்மைப் போல எக்ஸ், ஒய் குரோமோசோம்களே என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டிய பிறகு இந்தப் புதிர் விளங்கியது. என் ஆணின் பெற்றோர் யார் என்ற குறிப்பு என்னிடம் இல்லாததால், ஐந்து குட்டிகளையும் ஆண், பெண் எனப் பிரித்துப் பார்த்த பின்புதான் அது எந்த வழி வந்தது என்று தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பாம்புக்கும் கட்டு நோட்டில் ஒரு பக்கம்: பெற்றோர், பொரித்த நாள், மாத எடை, மறுத்த இரை, கழற்றிய சட்டை, தலை நேராக நிற்கிறதா.

நம் ஊர் ஈரத்தைப் பற்றி ஒரு சொல். வெளிநாட்டுக் குறிப்புகளெல்லாம் ஈரப்பதத்தைக் கூட்டச் சொல்கின்றன. அவர்கள் அறை வறண்டது. ஆனி, ஆடிச் சாரலில் என் அறை 85 விழுக்காட்டைத் தொடுகிறது. தும்பு ஆலையில் கிடைக்கும் தென்னை நார்த்தூளை ஈரத்தோடு விரித்துவிட்டு நான் முதல் ஆண்டு கண்டது, வயிற்றுச் செதில் சிவந்து புண்ணானதைத்தான். இப்போது தூளை வெயிலில் காயவைத்துத் தகர டின்னில் அடைத்து வைக்கிறேன். மழைக்காலத்தில் செய்தித்தாளே போதும்.

2025 மே மாதம் அந்த ஆறு முட்டைகளில் நான்காவது கீறியபோது, வெளியே வந்த மூக்கு இளஞ்சிவப்பாக இருந்தது. கண் வெளிவர இன்னும் நான்கு மணி நேரம் ஆயிற்று; டார்ச்சில் மாதுளை முத்துபோல் சிவந்திருந்தது. மொத்தத்தில் மூன்று அல்பினோ, மூன்று பழுப்பு. இந்த முறை மின்சாரம் நிற்கவில்லை, யூபிஎஸ் மூலையில் சும்மா இருந்தது. நான் படம் எடுப்பதற்கு முன்பு, ஒவ்வொன்றையும் தரையில் விட்டு, நேராகப் போகிறதா என்று பார்த்தேன். பழைய ஸ்பைடர் ஆணுக்கு அன்று இரை நாள். கொன்ற எலியை இடுக்கியில் பிடித்து, அவன் தலை ஆடி முடித்து நிலைக்கும்வரை அசையாமல் வைத்திருந்தேன். மூன்றாவது முயற்சியில் பிடித்துவிட்டான்.